தசமி தளை தட்டும்

நிலன் கதவைத் திறந்ததும் றெஜினோல்ட் மாமா கொப்பியை மூடினார்.

நேற்றும் மூடினார். முந்தநாளும் மூடினார். ஒரு மனிதர் மூன்று நாள் ஒரே இடத்தில் ஒரே காரியத்தைச் செய்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக்கூடாது என்பது நிலனுக்குத் தொழில் கற்றுத்தந்த பாடம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வாரத்தில் மூன்று நாள் அவன் ஒஸ்லோவின் சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தான். பெட்டிக்குள் அவன் ஏறியதும் யார் அவசரமாக நித்திரையாகிறார்கள், யாருக்கு அந்த நேரம் பார்த்து வெளியே ஓடும் சுரங்கச் சுவர் அழகாகத் தெரியத் தொடங்குகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"என்ன மாமா எழுதுறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. சும்மா."

சும்மா என்று சொன்ன எவரிடமும் டிக்கெட் இருந்து அவன் கண்டதில்லை. கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதையும் கவனித்தான். ஒரு விநாடி முன்புவரை அந்தக் கண்கள் திறந்துதான் இருந்தன.

அப்பா குகநேசனுக்கு அறுபத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். கணையத்தில் வந்த புற்று ஈரலுக்கும் பரவி, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கிய அறையொன்றில் படுத்திருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப் அவருக்குள் மோர்பினை விட்டுக்கொண்டிருந்தது. வைத்தியர் போன மாதம் வாரங்களில் பேசினார். போன கிழமை நாட்களில் பேசினார். இன்று காலை ஒன்றும் பேசாமல் நிலனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கதைத்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆகவே கதையைக் குறைத்துவிட்டார், நிலனிடம். அவனுக்குக் கிடைத்தவை இவ்வளவுதான்: "தண்ணி." "சார்ஜர்." "அம்மா சாப்பிட்டவவோ?" ஆனால் அவன் அறையைவிட்டு வெளியே போனால் போதும், உள்ளே குசுகுசுப்புத் தொடங்கிவிடும். சில வேளை அது சண்டை மாதிரிக் கேட்டது. ஒரு முறை அப்பா சிரித்தது போலவும் கேட்டது. மிஞ்சியிருக்கிற கொஞ்சப் பேச்சையும் அப்பா இந்த ஆளிடமே கொட்டி முடித்துவிடுவார் போலிருந்தது. தனக்கென்று ஒரு வசனம் மிச்சமிருக்குமா என்பதுதான் நிலனின் கவலை. அதை யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே அவன் றெஜினோல்ட் மாமாவைச் சந்தேகப்பட்டான்.

றெஜினோல்ட் மாமா அப்பாவின் சினேகிதர். எண்பத்தேழில் இருவரும் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஒரே அறையில் கிடந்தவர்கள். இப்போது அவர் ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை பார்த்தார். அதோடு, ஒஸ்லோத் தமிழருக்குள் யாராவது செத்தால் கல்வெட்டு என்கிற நினைவுப்பாட்டுகளை எழுதுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடுகிற நினைவு மலரில், ஆள் எந்தத் திதியில் போனார் என்று ஒரு வெண்பா வரும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று குடும்பத்தில் ஒவ்வொருவர் வாயாலும் அழுகிற பாட்டுகள் வரும். எல்லாவற்றுக்கும் கீழே அவர் பெயர் இருக்கும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர் இதுவரை முந்நூறு சைவர்களைச் சிவனடி சேர்த்திருந்தார்.

ஆனால் அதெல்லாம் ஆள் போன பிறகு.

மதியத்துக்குக் கிட்ட மாமா கை கழுவப் போனார். கதிரையில் கிடந்த அவருடைய ஜக்கெட்டுக்குக் கீழே கொப்பியின் ஒரு மூலை தெரிந்தது. அப்பா இம்முறை உண்மையாகவே நித்திரை. நிலன் கொப்பியை எடுத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்ததன் பயனாக, எழுத்துக்கூட்டி வாசித்தான்.

கார்த்திகைத் தேய்பிறை ஏகா தசியதனில்
நேர்த்தியாய் வாழ்ந்த குகநேசன் – பார்த்திருக்கப்
போர்த்தபனி ஒஸ்லோவில் பூவுலகம் விட்டகன்று
சேர்ந்தான் சிவனடிக் கீழ்.

பாதிதான் விளங்கியது. ஆனால் 'சேர்ந்தான்' இறந்தகாலம் என்பது நான்காம் வகுப்புப் பாடம். அப்பா மூன்றடி தள்ளி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொப்பிக்குள் அவர் ஏற்கெனவே இறந்தகாலத்துக்குப் போய்விட்டார். நாள்கூடக் குறித்தாகிவிட்டது. பக்கத்தைத் திருப்புவதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. இருந்தபடியே வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான். பனி அழகாகத் தெரியத் தொடங்கியது.

இரண்டு மணிக்குப் பிறகு அப்பா கண் விழித்தார். முதலில் மாமாவைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு வா."

அப்பா எதையும் விழுங்கி நான்கு நாளாகியிருந்தது.

"ஆருக்கு அப்பா?"

"எனக்குத்தான்."

இந்த உத்தி நிலனுக்குத் தெரியும். ஒருவன் உங்கள் முன்னால் பையைக் கொட்டிப் பொறுக்குவான், நீங்கள் குனிந்து உதவுகிற நேரத்தில் அவனுடைய கூட்டாளி மற்றக் கதவால் இறங்கிப் போயிருப்பான். ஆனால் சாகக் கிடக்கிற தகப்பன் கோப்பி கேட்டால் மறுப்பதற்கு எந்தப் பயிற்சியிலும் வழி சொல்லித்தரவில்லை. கீழே போனான். இயந்திரம் முதல் தரம் கோப்பையை விழுத்த மறந்து கோப்பியை மட்டும் ஊற்றியது. இரண்டாம் தரம் அழுத்திவிட்டு நின்றான். எல்லாமாகப் பதினொரு நிமிடம்.

திரும்பி வந்தபோது மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பேனை, மற்றதில் அப்பாவின் கை. கொப்பி நிலத்தில் விழுந்து கிடந்தது. அப்பாவின் வாய் இலேசாகத் திறந்திருந்தது, அப்போதுதான் எதையோ சொல்லி முடித்தவர் போல.

"என்ன சொன்னவர்?" நிலன் கேட்டான். அதைத்தான் முதலில் கேட்டான்.

"ஒண்டும்… ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி."

மாமா அவனுடைய முகத்தைப் பார்க்காமல் கோப்பியைப் பார்த்துச் சொன்னார். நேர்ஸ் வந்து கழுத்தில் விரல் வைத்தாள். 14.20 என்று எழுதினாள். ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டாள். ஆள் போனதும் அப்படிச் செய்வது இந்த நாட்டில் வழக்கம். கோப்பி ஆறிப்போகும்வரை நிலன் அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

குளித்து உடுப்பு மாற்ற ஹொல்ம்லியாவில் உள்ள வீட்டுக்குப் போயிருந்த அம்மா மூன்று மணிக்கு ஓடி வந்தார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடைசியா ஏதும் சொன்னவரோ, றெஜி அண்ணை?"

"ஓம் பிள்ளை. 'முருகா' எண்டவர்."

அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கி ஆறியது. நிலன் மணியைப் பார்த்தான். நாற்பது நிமிடத்தில் 'ஒண்டும்' என்பது 'முருகா' ஆகியிருந்தது. அப்பாவை அவனுக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்குப் போனால் உள்ளே போகாமல் வாசலில் சப்பாத்துகளுக்குக் காவல் நிற்பவர்.

அன்று மாலை அம்மா குசினிச் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்து, தசமி என்று அறிவித்தார். தசமி பின்னேரம் ஐந்து பன்னிரண்டு வரை இருந்தது. அவர் போனது இரண்டு இருபதுக்கு. வந்திருந்த சனமும் தசமி என்றது. நிலனுக்கு நிம்மதியாக இருந்தது. மாமா குறித்த ஏகாதசி பிழைத்துவிட்டது. கொப்பிக்காரர் ஒரு நாளால் தவறிவிட்டார்.

அந்த நிம்மதி தேநீர் ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. கலண்டரின் அடியில் அச்சகத்தின் முகவரி இருந்தது. கே.கே.எஸ். வீதி, யாழ்ப்பாணம்.

"அம்மா, இது அங்கத்தை நேரம்."

"ஓம், அதுக்கென்ன?"

"அப்பா செத்தது இஞ்சத்தை நேரத்துக்கு. நாலரை மணித்தியாலம் கூட்டவேணும். அங்கை அப்ப பின்னேரம் ஆறு ஐம்பது. தசமி முடிஞ்சுது."

எல்லாரும் கலண்டரை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஏகாதசி. ஏகாதசியில் போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், முருகா என்று சொன்ன வாயல்லவா என்று இன்னொருவர் சொன்னார். கண்டுபிடித்த மகனின் தலையைத் தடவினார்கள். நிலன் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றான். ஒரு மனிதர் செத்தவரின் நாளைச் சாவுக்கு முன்பே, நேரவித்தியாசம் உட்பட, சரியாக எழுதி வைத்திருக்கிறார். சாகும்போது பக்கத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். அவனைக் கோப்பிக்கென்று வெளியே அனுப்பியாயிற்று.

அடுத்த நாள் அவன் நேர்ஸுக்குப் போன் எடுத்து, அந்தப் பம்பை வெளியாட்கள் யாராவது திருக முடியுமா என்று கேட்டான். அது பூட்டியிருக்கும், எல்லாம் பதிவாகும், ஒரு மாற்றமும் இல்லை என்றாள். பிறகு, துயரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல குழு இருக்கிறது என்று இலக்கம் தந்தாள். அவன் இலக்கத்தை எழுதிக்கொண்டான். எழுதாவிட்டால் சந்தேகப்படுவாள்.

ஒன்பதாம் நாள் தகனத்தின்போது றெஜினோல்ட் மாமா எழுந்து ஒலிவாங்கிக்கு முன்னால் போனார். முந்நூறு பேருக்கு எழுதி முந்நூறு பேருக்கும் வாசித்தவர். கடதாசியை விரித்தார். மடித்தார். வந்து இருந்துவிட்டார். சனம் அதைச் சினேகம் என்றது. நிலனுக்கு அது வேறாகத் தெரிந்தது. மாமா அவனைக் கடந்து போகும்போது, அவனுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு போனார். டிக்கெட் இல்லாதவர்கள் பார்ப்பது சப்பாத்தைத்தான்.

இருபத்துநான்காம் நாள் மதியம், நினைவு மலரை அச்சடிக்கிற றொபின், ஸ்ட்ரோம்மன் என்ற ஊரில் இருந்து போன் எடுத்தான். நாலு மணிக்குள் எல்லாம் கையில் கிடைக்காவிட்டால் அந்தியேட்டிக்குப் புத்தகம் வராது என்றான். படம் வந்துவிட்டது, தேவாரம் வந்துவிட்டது, மனைவி புலம்பலும் வந்துவிட்டது. மக்கள் புலம்பல் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. "அது உம்மடை பக்கமெல்லோ. றெஜி அண்ணை போன் எடுக்கிறாரில்லை. ஏதும் பிரச்சினையோ?"

ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று இன்னொருவர் வாயால் கேட்டது நிலனுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் உடனே பாடசாலைக்குப் போனான்.

மாமாவின் அறை கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. உடைந்த கதிரைகள், மின்குமிழ்ப் பெட்டிகள், பனி வழிக்கும் சவல்கள். அவர் ஒரு மேசைக்கு முன்னால், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். இம்முறை அதை மூடவில்லை.

நிலன் ஜக்கெட்டைக் கழற்றாமலே கேட்டான். "நீங்கள் ஏகாதசி எண்டு முதலே எழுதி வைச்சிருந்தனீங்கள். நான் பாத்தனான்."

"பாத்தனீயோ." மாமா ஒரு கதிரையை அவன் பக்கம் தள்ளினார். "அது நான் எழுதினதில்லை. கொப்பர், உன்ரை அப்பாதான் எழுதினது."

பிறகு அவர் சொன்னதை நிலன் நின்றுகொண்டே கேட்டான். வடக்கே அந்த அறையில் அவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் செபஸ்ரியன். எண்பத்தொன்பது மாசியில், மீன் வெட்டுகிற மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். ஊருக்கு அனுப்ப வழியில்லை, அழ ஒரு சொந்தமும் இல்லை. கல்வெட்டாவது இருக்க வேண்டும் என்று இருவரும் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தின் போட்டோக்கொப்பியை வைத்துக்கொண்டு பதினேழு நாள் மல்லுக்கட்டி ஒரு வெண்பா கட்டினார்கள். உடுப்பு மாற்றும் அறையில் அவனுடைய அலுமாரிக் கதவில் ஒட்டினார்கள். அன்று தொடங்கியது. மாமாவுக்குச் சொல் வரும், அசை வராது. அப்பாவுக்கு அசை வரும், சொல் வராது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு புலவர். பெயர் போடுகிற இடத்தில் மட்டும் அப்பா தன்னை விடச் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டுகிறவன் ஸ்டியறிங்கில் விரல்விட்டு வெண்பாவுக்கு அசை எண்ணுகிறான் என்று தெரிந்தால் வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்றாராம்.

"இதையும் அவர்தான் இருக்கேக்கையே எழுதச் சொன்னவர். 'நீ தனிய எழுதினா பிழை விடுவாய், எனக்கு வந்து திருத்தேலாது' எண்டார். நான் கலண்டரைப் பாத்துத் தசமி எண்டு போட்டனான். தேய்பிறைக்குப் பிறகு தசமி வந்தா தளை தட்டும், வெண்பா உடையும் எண்டு வெட்டிப்போட்டார். 'ஏகாதசி எண்டு போடு, மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டார்."

அப்பா சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸை எடுக்கிறவர்தான்.

"முருகா?" நிலன் கேட்டான்.

"கொம்மா கேட்டவ. வேறை என்னத்தைச் சொல்ல?"

"அப்ப உண்மையிலை என்ன சொன்னவர்?"

மாமா இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டினார். 'மக்கள் புலம்பல்' என்று தலைப்பு. கீழே ஒன்பது பாட்டுகள், ஒன்பதும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடுங்குகிற எழுத்தில் ஒரு குறிப்பு. கையெழுத்து அப்பாவினது.

'ஆலமரம் சாய்ந்ததே அப்பா' என்பதற்குப் பக்கத்தில்: இவன் ஆலமரம் கண்டதில்லை.

'பெற்றெடுத்த தெய்வமே' என்பதற்குப் பக்கத்தில்: ஆரைக் கூப்பிடுகிறான் என்று நானே திரும்பிப் பார்ப்பேன்.

'கதறுகிறோம் கலங்குகிறோம்' என்பதற்குப் பக்கத்தில்: கதறமாட்டான். ஒரு சுவரோடு நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நிலன் அதை இரண்டு தரம் வாசித்தான். எழுத்துக்கூட்ட வேண்டியிருந்ததால் அல்ல. அப்போது அவன் சாய்ந்து நின்றது நிலக்கீழ் அறையின் சுவரில்.

"நாலு நாள் உன்ரை பகுதியிலைதான் நிண்டது," மாமா சொன்னார். "நான் எழுத எழுத, 'அவன் இப்பிடிச் சொல்லமாட்டான், அவன் இப்பிடிச் சொல்லமாட்டான்' எண்டு வெட்டினார். நீ இருக்கேக்கை அதைக் கதைக்கேலாது. அதுதான் கோப்பி."

"நான் போன பிறகு?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ போன பிறகு சொன்னார். 'அவன் அழமாட்டான் மச்சான், கேள்விதான் கேப்பான். ரயிலிலை கேக்கிற மாதிரி, பில்லெட் எடுத்தனீங்களோ அப்பா எண்டு கேப்பான்' எண்டார். சொல்லிப்போட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சிட்டன். என்னைப் பாத்து அவர் இன்னும் சிரிச்சார். சிரிப்பு இருமலாப் போச்சு. இருமல்…" கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துப்புரவாக இருந்தது. "நான் சிரிச்சிராட்டா அவர் நிப்பாட்டியிருப்பார். இதைப் போய்க் கொம்மாவுக்கு எப்பிடிச் சொல்ல? உனக்கு எப்பிடிச் சொல்ல?"

நிலன் கதிரையில் இருந்தான்.

"எவ்வளவு நேரம் சிரிச்சவர்?"

"என்னது?"

"அப்பா. எவ்வளவு நேரம்?"

மாமா யோசித்தார். பொய் சொல்லுகிறவர்கள் இவ்வளவு நேரம் யோசிப்பதில்லை.

"கொஞ்ச நேரம். கண்ணாலை தண்ணி வரும்வரைக்கும்."

அறையில் ஒரு வெப்பக் குழாய் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. நிலன் ஜக்கெட்டின் சிப்பைக் கீழே இழுத்தான்.

"நான் நேர்ஸுக்குப் போன் எடுத்து அந்தப் பம்பைப் பற்றிக் கேட்டனான் மாமா. நீங்கள் ஏதும் செய்திட்டியளோ எண்டு."

மாமா கண்ணாடியைப் போட்டு அவனை நன்றாகப் பார்த்தார். "என்னை விசாரிச்சனீ?"

"ஓம்."

"அதைக் கேட்டிருந்தா அவர் இன்னும் சிரிச்சிருப்பார்," என்றார்.

நிலன் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தான். ஒன்று நாற்பது. றொபினுக்கு நாலு மணி.

"அது முதல் வரி," என்றான்.

"எது?"

"பில்லெட் எடுத்தனீங்களோ அப்பா."

"உனக்கென்ன விசரோ? கல்வெட்டிலை நோர்வேப் பாசையிலை ஒரு சொல் வந்ததாச் சரித்திரம் இல்லை. டிக்கெட் எண்டாவது போடுவம்."

"அவர் பில்லெட் எண்டவர்."

"கொம்மா கொல்லுவா."

"அவவின்ரை புலம்பல் வேறை பக்கம்தானே."

மாமா பேனையை எடுத்துப் புதிய பக்கத்தில் அந்த வரியை எழுதினார். உதட்டுக்குள் அசை பிரித்துப் பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை. தளை தட்டுகிறதா இல்லையா என்று சொல்ல அருகில் ஆளில்லை. தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "இதுக்குப் பிறகு மூண்டு வரி வேணும். நீ என்ன சொல்லுவாய்?"

நிலன் பக்கத்தைத் திருப்பி அப்பாவின் குறிப்புகளை இன்னொரு தரம் வாசித்தான். பிறகு சொன்னான். சரியாக அந்த நேரத்தில் மேலே மணி அடித்தது. கதவுகள் திறந்தன. முந்நூறு பிள்ளைகள் பனிச் சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு ஓடுகிற சத்தம் கூரை முழுவதும் உருண்டது.

"என்னது?" மாமா காதில் கை வைத்துக் கத்தினார்.

நிலன் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான். மேலே கடைசிச் சப்பாத்தும் பனிக்குள் இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள், மாமா பேனையை இரண்டாம் வரியில் வைத்தபடி.